ஒற்றைக் கை வேலை

ஜனவரி 11

தம்பிக்கு,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் தபால். உன் மனைவி பெயருக்கு அனுப்புகிறேன். அவள் கையால் கொடுத்தால் ஒருவேளை பிரிப்பாய்.

அவள்தான் எனக்கு எழுதினாள். என்னோடு பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீ சொல்லியிருந்தும் எழுதினாள் என்றால் எவ்வளவு பயந்துபோயிருப்பாள் என்று பார். அவளைத் திட்டாதே. டிசம்பரில் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாயாம். இரண்டாவது தடவை மூச்சு முட்டி, நாற்காலியோடு தூக்கி மாடியிலிருந்து இறக்கினார்களாம். "அந்த மெஷின் பக்கத்துல நாலு மணி நேரம் சும்மா கெடக்கறதுக்கு ஜெயிலே பரவால்ல" என்றாயாம்.

அந்த "சும்மா" என்னை விடவில்லை. நீ சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தவன் நீ.

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கைவேலை நடத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். "பெரியவர்களுக்கு மட்டும்" என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன். படம் வரையத் தெரியாதவர்கள்தான் வருகிறார்கள். வரையத் தெரிய வேண்டாத வேலைகளாகத்தான் நானும் தேடிப் பிடிக்கிறேன். அதில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஹோட்டலில் சாப்பாடு கட்டித் தரும் அலுமினியப் பெட்டியின் மூடி. ஒரு தீர்ந்துபோன பால்பேனா. ஒரு துண்டு கம்பளித் துணி. துணியை நான்காக மடித்து அதன் மேல் மூடியை வை. பேனாவால் அழுத்திக் கோடு போடு. திருப்பிப் பார்த்தால் கோடு மேலே எழும்பி நிற்கும். கோடும் புள்ளியும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். வலது கை சும்மாதானே இருக்கிறது.

உன் மாமா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

அக்கா

*

ஜனவரி 22

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மனைவி நான் படிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இந்தப் பதில்.

நான் இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பன்னிரண்டாவது மாடிக்கும் பதின்மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்திருக்கிறேன். பாலர் பள்ளிக்கு என்னை யாரும் சேர்க்க வேண்டாம்.

நீங்கள் நினைக்கிற மாதிரி "வலது கை சும்மா" இல்லை. இடது முழங்கைக்குக் கீழே கோணி ஊசி மாதிரி இரண்டு ஊசி. அந்தக் கை ஒரு அங்குலம் அசைந்தால் மெஷின் கத்தும். மீதி உடம்பு முழுவதும் அந்தக் கையை அசைக்காமல் இருக்கிற வேலையைத்தான் பார்க்கிறது. வாரத்தில் மூன்று நாள். செவ்வாய், வியாழன், சனி.

எழுத உட்கார்ந்ததால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவியின் ரத்தம் பொருந்தவில்லை, உங்களுடையது பொருந்தியது. எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. தேதி குறித்தார்கள். முந்தின நாளே நீங்கள் வார்டில் வந்து படுத்தீர்கள். காலையில் என்னை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக வந்தவர்கள், உங்கள் கட்டில் காலியாக இருக்கிறது என்றார்கள். உங்கள் கணவருக்கு இஷ்டமில்லை என்று துண்டுச் சீட்டில் ஒரு வரி. போனில் கேட்டேன். "ஆமாப்பா, நான்தான் வேணாம்னேன்" என்றார். அத்தோடு அந்த மனிதர் எனக்குச் செத்துப்போனார். நிஜமாகச் செத்தபோது நான் வரவில்லை. வருத்தமும் இல்லை.

நான் உங்களிடம் கேட்டது ஒரு கிட்னி. நீங்கள் அனுப்பியிருப்பது சாப்பாட்டுப் பெட்டி மூடி.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

*

பிப்ரவரி 1

தம்பிக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று முதலில் தோன்றியது.

நீ எழுதியதில் ஒன்றுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. மாமாவைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணானது. இன்னும் கொஞ்ச நாள் பொறு.

பாலர் பள்ளி என்று சொன்னதற்கு மட்டும் இப்போது பதில். என் வகுப்புக்கு ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வருகிறார். வங்கிக் காவலாளி ஒருவர். கணவனைப் பிரிந்து வந்த கணக்கு டீச்சர். முதல் நாள் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "எனக்கு இதெல்லாம் வராதுங்க." சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பல் டாக்டருக்குக் கை நடுங்குகிறது. அதனால்தான் தொழிலை விட்டார். காகிதத்துக்கு அடியில் சாவியை வைத்து மேலே மெழுகுக் குச்சியால் தேய்க்கச் சொன்னேன். நடுங்குகிற கையால் தேய்த்தால் இன்னும் நன்றாகவே வருகிறது. அந்தச் சாவியின் பல் ஒவ்வொன்றும் தாளில் எழும்பியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் குழந்தை இல்லை, தம்பி.

மெழுகுக் குச்சி மூன்று வைத்திருக்கிறேன். கறுப்பு, நீலம், காவி. மேல் உறையைக் கிழித்துவிட்டு, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நாணயம், சீப்பு, இலை, எது கையில் தட்டுப்படுகிறதோ அது தாளில் வரும். வேண்டாம் என்றால் தூக்கிப் போடு. போட்டாயா என்று கேட்க மாட்டேன்.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உங்கள் அலுமினிய மூடியை நான் வார்டுக் குப்பைக் கூடையில் போட்டேன். அதை எடுத்தது பக்கத்து நாற்காலி அம்மா. முப்பத்து நான்கு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர். டைப்பிஸ்ட் அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம்.

"ஏம்பா, இது கிழியலையே, அழுக்கில்லையே. ஏன் போட்ட?"

"எங்க அக்கா அனுப்புனதும்மா."

"அது ஒரு காரணமா?" என்றார். நர்ஸிடம் சொல்லி எடுத்துத் துடைத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நாலு மணி நேரமும் புள்ளி வைத்தார். டைப் அடிக்கிற மாதிரியே, ஒரு வரி முடிந்தால் கையை இடது பக்கம் கொண்டுபோய் அடுத்த வரி. முடித்துத் திருப்பிக் காட்டினார். மழை பெய்கிற ஜன்னல் மாதிரி இருந்தது. "ரெண்டு கையில்லாம எனக்கு ஒண்ணும் ஓடாதுன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

அடுத்த முறை மெழுகுக் குச்சியைக் கொண்டுபோனேன். நீங்கள் எழுதியிருக்கிற முறை ஒற்றைக் கைக்கு ஆகாது. தேய்த்தால் தாள் கூடவே ஓடுகிறது. இதை யோசிக்காமல் எப்படி எழுதினீர்கள்? லிஃப்ட் கதவு ஓரத்தில் வருகிற ரப்பர் பட்டை வீட்டில் கிடந்தது. இரண்டு துண்டு வெட்டிப் பலகையில் ஒட்டினேன். அதில் தாளைச் செருகினால் அசையாது. பழைய லிஃப்ட் பட்டன் தகடு ஒன்றும் எடுத்துப் போனேன். பார்வை இல்லாதவர்களுக்காக அதில் மாடி எண் எல்லாம் மேடாக இருக்கும். தேய்த்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை கறுப்பில் எழும்பி வந்தது.

எதிர் நாற்காலி வாத்தியார், "எனக்கு ஒரு நாலாவது மாடி கொடுப்பா" என்றார். ஆளுக்கு ஒரு மாடி கேட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மா, "எனக்கு கிரவுண்ட் ஃப்ளோரே போதும். மேல போக அவசரமில்ல" என்றார். அறையில் ஆறு பேரும் சிரித்தோம். தலைமை நர்ஸ் என்ன ஆச்சோ என்று ஓடிவந்தார்.

அங்கே கத்தி, ஊசி, கத்தரிக்கோல் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்றுகிறார்கள், சின்னக் கீறல் என்றாலும் நிற்காது. வாசனை வரும் பசை கூடாது, வாந்தி வரும். தூள் பறக்கக் கூடாது. இத்தனைக்கும் சரிப்பட்டு வருகிற மாதிரி வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். மற்றவர்கள் கேட்கிறார்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில் என் மனசு மாறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ரப்பர் பட்டையைப் பற்றிக் கேட்டதும் பல் டாக்டர், "இந்த யோசனை எனக்கல்லவா வந்திருக்கணும்" என்று வருத்தப்பட்டார். இப்போது எங்கள் பலகை ஒவ்வொன்றிலும் ரப்பர் ஒட்டியிருக்கிறது.

கத்தி இல்லை, ஊசி இல்லை, வாசனை இல்லை, தூள் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். இரண்டு வழி அனுப்புகிறேன்.

ஒன்று, கிழிப்பது. பழைய பத்திரிகையின் வண்ணப் பக்கங்களை வெட்டாமல் கிழித்துப் படம் செய்வது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாளை அமுக்கிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக இழுக்க வேண்டும். இந்த முறை நான் ஏமாறவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கிழிந்த ஓரத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு வரும். அதுதான் அழகே. நீலப் பக்கத்தை நீளநீளமாகக் கிழித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் போதும், கடல். ஒட்டுவதற்கு இருபக்க டேப்.

இன்னொன்று, டீ டிக்காஷனில் வரைவது. மூன்று சின்னக் குப்பியில் வைத்திருக்கிறேன், இளசாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கறுப்பாக ஒன்று. காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு வை. காய்ந்ததும் பழைய போட்டோ நிறத்தில் வரும்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு என் வணக்கம்.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

டீயா? உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? நாள் முழுக்க ஒரு லிட்டருக்கு மேல் தண்ணி குடிக்கக் கூடாது எங்களுக்கு. குழம்பு, மோர், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதிலேயே அடக்கம். ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆறு பேருக்கு நடுவில் நீ அனுப்பிய குப்பியைத் திறக்கிறேன். ஏலக்காய் வேறு போட்டிருக்கிறாய். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு இருக்கு?" என்று ஆறாம் நம்பர் ஆள் கேட்டார், அவர் வாயைத் திறந்து பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நர்ஸ் பிடுங்கிக் கழுவுதொட்டியில் ஊற்றும்வரை ஒருவரும் அந்தப் பக்கம் பார்வையை எடுக்கவில்லை.

கிழிப்பது நன்றாக இருக்கிறது. எல்லோரும் கிழிக்கிறார்கள். ஆறாம் நம்பர் ஆள் ஒரு பத்திரிகை முழுக்கச் சின்னச்சின்னதாகக் கிழித்து ஒன்றும் ஒட்டாமல் குவித்து வைத்தார். கேட்டால், "கிழிக்கறதே நல்லாருக்கு" என்றார். டைப்பிஸ்ட் அம்மா இரண்டு கையுள்ள ஒரு பெண்ணைச் செய்தார். நான் கிணறு மாதிரி ஒன்று செய்தேன். லிஃப்ட் போகிற பாதை அது, மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நர்ஸ் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டவிட்டார். மருந்துத் தண்ணீரால் துடைக்க முடிகிற பொருளாக இருந்தால் ஒட்டலாமாம்.

வியாழக்கிழமை நேரம் போனதே தெரியவில்லை. மெஷின் முடிந்ததாக மணி அடித்தபோது வாத்தியார், "அதுக்குள்ளயா?" என்றார்.

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

ஏலக்காய் பழக்க தோஷத்தில் போட்டது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

திட்டும்போதாவது "நீ" என்று எழுதினாய். அதற்கு மேல் சொல்ல இந்த வாரம் எனக்கு ஒன்றும் இல்லை. வண்ணப் பக்கங்கள் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். நீலம் அதிகமாக வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

டைப்பிஸ்ட் அம்மா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில். இதயம் நின்றுவிட்டதாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை போனேன், அவருடைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண். இருபத்தொன்பது வயது இருக்கும். விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். நான் நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை. காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர்.

அவர் இழுப்பறையில் மூன்று அலுமினியத் தகடு இருந்தது. மகன் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நர்ஸ் என்னிடம் கொடுத்தார். கடைசித் தகட்டில் பாதிவரைதான் புள்ளி. மீதி வழவழவென்று இருக்கிறது.

நானும் யார் கிட்னியோ வரட்டும் என்று பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறேன். எத்தனையாவது ஆள் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. ஊசி குத்தும்போது பயம். பிடுங்கும்போது பயம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பயம், இரண்டு நாள் மெஷின் இல்லையே என்று. இதை வீட்டில் சொல்ல முடியாது. அவள் ஏற்கெனவே நான் மூச்சு விடுகிறேனா என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் சொல்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 14

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நீ பயம் என்று எழுதிய பிறகு இதை எழுதாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

மாமா தடுக்கவில்லை. நான்தான் ஓடிவந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு டாக்டர் வந்து என் விலாவுக்குக் கீழே மையால் கோடு போட்டுவிட்டுப் போனார். ஒரு சாண் நீளம். அதுவரை நான் தைரியமாகத்தான் இருந்தேன். குளியலறைக் கண்ணாடியில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். விடிந்ததும் வெளியே வந்தேன். உன் மாமா வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னால முடியல. வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"தம்பி உள்ள படுத்திருக்கான்மா" என்றார். பக்கத்தில் உட்காரவைத்தார். "நான் இங்கயேதான் இருப்பேன். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சுரும்" என்றார். அரை மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. "நீங்க வேணாம்னு சொன்னதா எழுதி வச்சுட்டுப் போயிரலாம்" என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன். அது அவர் யோசனை இல்லை.

அவர் பிளாஸ்க்கை மூடிப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்: "சரி, என் பேர்லயே இருக்கட்டும். அக்கா பயந்துட்டான்னு தெரிஞ்சா அவன் உடைஞ்சுருவான். என் மேலன்னா வெறும் கோவம்தான். கோவத்தத் தாங்கிக்குவான்."

அன்றைக்கு மத்தியானம் நீ போன் செய்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ கத்தியது எனக்கும் கேட்டது. நீ வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

உனக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும், பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பதினாலு மாதம் தள்ளினேன். ஒரு நாள் காலையில் டிப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவரைக் கிடத்தியிருந்த நாள் முழுவதும் நீ வருவாயா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, தம்பி. வந்திருந்தால் அவர் முன்னால் வைத்து நான் சொல்ல வேண்டியிருக்குமே. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் அதே மருத்துவமனைக்குப் போனேன். இப்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுபடி எல்லாம் பரிசோதித்தார்கள். சர்க்கரை வந்திருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. "இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீங்க குடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். கொடுக்க முடிந்தபோது கொடுக்கவில்லை. கொடுக்கிறேன் என்று போனால் வேண்டாம் என்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா

*

மே 12

தம்பிக்கு,

நான்கு வாரமாயிற்று. நீ ஒழுங்காக டயாலிசிஸுக்குப் போகிறாய் என்று உன் மனைவி எழுதினாள். அது போதும்.

இனி நான் எழுத வேண்டாம் என்றால் அவளிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்.

அக்கா

*

ஜூன் 2

அக்கா,

உன் கடிதத்தை நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். அது தப்பு. பாதி படிக்கும்போதே இடது கை இறுகி மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து தாளைப் பிடுங்கி அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதியை ஊசி எடுத்த பிறகுதான் கொடுத்தார். வாத்தியார் அவருடைய பத்திரிகையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. வாரம் மூன்று நாள் பயப்படுகிறவனுக்கு அது புரியாதா? அன்றைக்கே என்னிடம் வந்து, "பயமா இருக்குடா" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கத்தியிருக்கலாம். ஆனால் உன்னிடம் கத்தியிருப்பேன்.

புரியாதது ஒன்றுதான். அந்த மனிதரை நான் திட்டினேன். "நீ நல்லா இருக்க மாட்டே" என்று சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாயே. எப்படி முடிந்தது உன்னால்? அவர் போன செய்தி வந்த அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் வாக்குப் பலித்தது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஏழு வாரம் கையில் ஒன்றையும் எடுக்கவில்லை. சும்மா கிடந்தேன்.

மாமா முகத்தைக் கடைசியாகப் பார்க்க நான் வரவில்லை. போட்டோ வேண்டாம், போட்டோவில் அவர் விறைப்பாக இருப்பார். அவர் புழங்கின சாமான் நான்கைந்து அனுப்பு. தடவினால் கையில் தட்டுப்படுகிற மாதிரி. திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

பார்சலில் வைத்திருப்பவை: அவருடைய பஸ் டிரைவர் பித்தளை பேட்ஜ், எண் மேடாக இருக்கிறது. இரண்டு பல் உடைந்த சீப்பு. கைக்கடிகாரத்தின் இரும்புப் பட்டை. சாப்பாட்டுக் கேரியரின் மூடி, உட்புறம் தேதி கீறி வைத்திருப்பார், எதற்கென்று எனக்குத் தெரியாது. வலது கால் ஷூ.

ஷூவை அனுப்ப முதலில் மனம் வரவில்லை. கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தேன், மறுபடி வெளியே எடுத்தேன். ஆனால் அதன் அடியைத் தடவிப் பார்த்தபோது இதுதான் அவர் என்று தோன்றியது.

நீ கேட்டதற்குப் பதில்: எப்படி முடிந்தது என்று எனக்கும் தெரியவில்லை. முடிந்தது. அதுதான் உண்மை.

எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 23

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து செய்தேன். இரண்டு கையும் இருந்த நாள். ஒரே பெரிய தாளில், கறுப்புக் குச்சியால் மட்டும். பேட்ஜ் எண் சட்டென்று வந்துவிட்டது. சீப்பில் உடைந்த இரண்டு பல்லின் இடம் வெள்ளையாக நிற்கிறது. கேரியர் மூடியில் இருக்கிற தேதிகள் என்னவென்று என் மனைவிதான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வருஷமும் அவர் பஸ்ஸில் விபத்து இல்லாமல் முடித்த நாளாம். டிரைவர்கள் அப்படிக் குறித்து வைப்பதுண்டு என்று அவள் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். இருபத்தாறு கீறல்.

ஷூவைக் கடைசியில் எடுத்தேன். முன்பாதம் அப்படியே புதுசு மாதிரி இருக்கிறது. குதிகாலின் பின் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து தட்டையாகப் போயிருக்கிறது. நாள் முழுக்கக் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்காலால் ஆக்சிலேட்டரை மிதித்த கால் அது. மெழுகுக் குச்சி அந்த இடத்துக்கு வந்ததும் தாளில் ஒன்றும் விழவில்லை. வெறும் வெள்ளை. நான் அங்கேயே தேய்த்துக்கொண்டிருந்தேனாம். என் மனைவி வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்போதுதான் அழுதேன். ரொம்ப நேரம். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், கணக்கு மீறும் என்று அதையும் திருப்பிக் கொண்டுபோனாள்.

மாமாவைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடம், பெரியம்மா வீட்டில், என் பழைய கம்பெனி ஆட்களிடம். மாமா தடுக்கவில்லை, அக்கா பயந்தாள், மாமா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று மூன்று வாக்கியம். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். சித்தப்பா, "இப்ப எதுக்குடா இத கெளறுற?" என்றார். "அந்தாளு செத்தப்ப நீங்களும் போகல, அதுக்குத்தான்" என்றேன். மாமாவின் தம்பிக்கும் போன் செய்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அண்ணன் உன்னப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உன்னை இனி எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதை நீ தாங்கித்தான் ஆக வேண்டும். மாமா நம் வீட்டிலும் தன் வீட்டிலும் அதைத் தாங்கினார்.

வார்டில் புதிதாக வந்த பெண் இப்போது அழுவதில்லை. இத்தனை நாளும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை தானாகவே துணியை விலக்கி, "அண்ணா, அது என்ன வேலை? எனக்கும் கத்துக்குடுங்க" என்றாள். நான் உன் முதல் கடிதத்தில் இருந்த முறையைச் சொன்னேன். "ஒங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டாள். அக்கா என்றேன். "வருவாங்களா?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், நம் வீட்டில் ஏற்கெனவே ஒன்று போதும் போதும் என்று ஆகிவிட்டது. கோபம் முழுக்கத் தீரட்டும், பிறகு கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த அறையில் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தால், கோபம் தீருகிறவரை காத்திருக்க எனக்கு நாள் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே கூப்பிடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வா. சனிக்கிழமை வேண்டாம், மெஷினிலிருந்து வந்தால் துணி மாதிரி கிடப்பேன். மறுநாள்தான் உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும். உன்னைத் திட்ட எனக்குத் தெம்பு வேண்டும்.

தம்பி